இரவு 2 மணிக்கு யார் கையில் போன் இருந்தது?

வில்லாபுரத்தில் இருந்து ஒரு அம்மா கேட்டிருக்கிறார். மகன் பொறியியல் மூன்றாம் ஆண்டு. நாலைந்து மாதமாக ராத்திரியில் நெஞ்சு படபடக்கிறது, மூச்சு முட்டுகிறது, செத்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது என்கிறான். ஈசிஜி எடுத்துப் பார்த்ததில் ஒன்றுமில்லை. பார்த்த டாக்டர், "எல்லாம் போனால வர்றது, பிடுங்கி வைங்க" என்று அனுப்பிவிட்டார். அவன் அப்பா பிடுங்கியும் வைத்தார். வீடு ரணகளமாகி, இரண்டாம் நாளே போன் அவன் கைக்குத் திரும்பிவிட்டது. "ராத்திரி 2 மணிக்குப் பார்த்தாலும் ஆன்லைன்லதான் இருக்கான். படபடப்புக்குக் காரணம் போன்தானா? பூட்டி வைக்கவா?" இதுதான் கேள்வி.

மதுரையில் இருபது வருடத்துக்கு மேலாக மனநல ஆலோசகராக இருக்கிறேன். இந்தக் கேள்வி இப்போது வாரத்துக்கு இரண்டு மூன்று முறையாவது என்னிடம் வருகிறது. பூட்டி வைக்க வேண்டாம் அம்மா. போனும் ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் அதற்கு முன்னால் வேறு ஒன்று நிற்கிறதா என்று பார்க்காமல் பிடுங்கினால், வலிக்குப் பூசிக்கொண்டிருந்த தைலத்தைப் பிடுங்கியது போல ஆகிவிடும். அது மோசமான தைலம்தான்; இருந்தாலும் வலியில் இருப்பவனுக்கு அது தைலம்.

முதலில் உடம்பு. ஈசிஜி பார்த்தது நல்லது. கூடவே தைராய்டு, ரத்தத்தில் ஹீமோகுளோபின் இரண்டையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். இரண்டில் எது கோளாறானாலும் படபடப்பு வரும். ஒரு நாளைக்கு எத்தனை டீ, காபி, அந்த டின்னில் வருகிற எனர்ஜி டிரிங்க் குடிக்கிறானா என்று கேளுங்கள். ராத்திரி தூங்காததால் பகலில் டீ, பகலில் குடித்த டீயால் ராத்திரி தூக்கமில்லை என்று சுற்றிக்கொண்டிருப்பவர்கள் நிறையப் பேர்.

அடுத்து, உங்கள் கேள்வியிலேயே என் கண் நின்ற இடம் ஒன்று உண்டு. "ராத்திரி 2 மணிக்குப் பார்த்தாலும்" என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் 2 மணிக்கு உங்கள் கையிலும் போன் இருந்திருக்கிறது. குற்றம் சொல்லவில்லை. பிள்ளை தூங்கினானா என்று முன்பெல்லாம் கதவைத் திறந்து பார்ப்போம். இப்போது வாட்ஸ்அப்பைத் திறந்து பார்க்கிறோம். ஆனால் பார்த்த பிறகு உங்களுக்குத் தூக்கம் வந்ததா? அவனுக்கும் அதேதான். ஒரு பயம் வருகிறது; அதைத் தணிக்க போனை எடுக்கிறோம்; அது ஒரு நிமிடம் தணித்துவிட்டு இரண்டு மடங்காகத் திருப்பித் தருகிறது. நான் கீழே எழுதப்போவது எல்லாம் இந்தச் சுற்றைப் பற்றித்தான்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். 2018-இல் மீனாட்சியம்மன் கோயில் வீரவசந்தராயர் மண்டபத்தில் தீப்பிடித்தது எல்லாருக்கும் நினைவிருக்கும். அதற்குப் பிறகு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவால் கோயிலுக்குள் செல்போன் கூடாது என்றானது. வெளியே கொடுத்துவிட்டு டோக்கன் வாங்கிக்கொண்டுதான் போக வேண்டும். அப்படிப் போன முதல் சில தடவைகளில், பொற்றாமரைக் குளத்துப் படியில் உட்கார்ந்திருக்கும்போது சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. கை தானாகப் போனது. பையில் இருந்தது தகர டோக்கன். பத்து நிமிடம் கழித்து மறுபடி அதிர்ந்தது. ஊருக்கெல்லாம் புத்தி சொல்கிற ஆள் நான், தகர டோக்கனை எடுத்துப் பார்த்துவிட்டு உள்ளே வைக்கிறேன்.

இந்த இல்லாத அதிர்வு பைத்தியம் ஒன்றும் இல்லை. அமெரிக்காவில் ஒரு மருத்துவமனை ஊழியர்களிடம் கேட்டு 2010-இல் வெளியான ஆய்வில், நூற்றுக்கு 68 பேர் இப்படி உணர்ந்ததாகச் சொன்னார்கள். அடிக்கடி வரும் ஒரு செய்தியை எதிர்பார்த்தே இருக்கும் மூளை, சட்டைத் துணி உரசியதைக்கூட அழைப்பு என்று எடுத்துக்கொள்கிறது. எதிர்பார்த்தே இருப்பது என்று சொன்னேன் இல்லையா, பதற்றம் என்பதன் உடம்பு மொழி அதுதான். தோள் இறுகி, மூச்சு மேலோட்டமாகி, காது தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது. பதற்றம் ஏற்கெனவே இருக்கிற பிள்ளைக்கு, நாள் முழுக்க இந்த நிலையில் உட்கார வைக்கும் ஒரு பொருளைக் கையில் கொடுத்திருக்கிறோம்.

அது ஏன் இவ்வளவு பிடிக்கிறது என்பதற்கு நம்ம ஊர் உதாரணமே இருக்கிறது. 2003-இல் தமிழ்நாட்டில் லாட்டரியைத் தடை செய்வதற்கு முன்பு, பெரியார் பஸ் ஸ்டாண்டைச் சுற்றி சுரண்டல் சீட்டு வாங்கி நகத்தால் சுரண்டிக்கொண்டு நின்றவர்களை என் வயதுக்காரர்கள் பார்த்திருப்பார்கள். ஒவ்வொரு சீட்டிலும் பரிசு விழுந்தால் சலித்துவிடும். எதிலுமே விழாவிட்டால் விட்டுவிடுவார்கள். எப்போது விழும் என்று தெரியாமல் எப்போதாவது விழுவதுதான் ஆளை நிற்க வைத்தது. போன் திரையைக் கட்டை விரலால் கீழே இழுத்துப் புதுப்பிக்கிறோமே, அது அதே சுரண்டல்தான். அதற்கு முடிவு இல்லாமல் செய்தது இன்னொரு வேலை: பக்கம் முடிந்தால் அடுத்த பக்கம் என்று அழுத்தத் தேவையில்லாமல், கீழே போகப் போக வந்துகொண்டே இருக்கும் அமைப்பு. அதை 2006-இல் வடிவமைத்த ஏசா ராஸ்கின் என்பவரே பின்னாளில் அதற்காக வருத்தப்பட்டுப் பேசியிருக்கிறார்.

இன்னொன்று நீல டிக். 2014 நவம்பரில் வாட்ஸ்அப் அதைக் கொண்டுவந்தது. அதற்கு முன்னால் பதில் வராவிட்டால் "பார்த்திருக்க மாட்டான்" என்று மனதைத் தேற்றிக்கொள்ளலாம். இப்போது பார்த்துவிட்டுப் பேசாமல் இருக்கிறான் என்பது கண்ணெதிரே நீலத்தில் நிற்கிறது. திடமான ஆளுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. "என்னை யாருக்கும் பிடிக்கலையோ" என்று ஏற்கெனவே புழுங்கிக்கொண்டிருக்கும் இருபது வயதுப் பிள்ளைக்கு அந்த இரண்டு கோடுகள் போதும், ஒரு ராத்திரியைத் தின்ன.

இவ்வளவு சொன்ன பிறகு எதிர்ப்பக்கத்தையும் சொல்ல வேண்டும். "போன்தான் பிள்ளைகளைக் கெடுக்கிறது" என்று மேடையில் பேசுகிறவர்கள் இதைச் சொல்வதில்லை. அப்போது ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் இருந்த ஆய்வாளர்கள் ஏமி ஓர்பன், ஆண்ட்ரூ ஷிபில்ஸ்கி இருவரும் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட வளரிளம் பருவத்தினரின் தகவல்களை அலசி 2019-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பிள்ளைகளின் மனநலத்தில் ஒருவருக்கொருவர் தெரியும் வேறுபாட்டில், திரை நேரத்தால் விளக்க முடிந்தது அதிகபட்சம் 0.4 சதவீதம்தான். உருளைக்கிழங்கு சாப்பிடுவதற்கும் மனநலத்துக்கும் உள்ள தொடர்பும் கிட்டத்தட்ட அதே அளவு என்று அவர்களே ஒப்பிட்டுக் காட்டினார்கள். இதை வைத்துக்கொண்டு, போனினால் கெடுதலே இல்லை என்று கிளம்புகிறவர்களோடும் எனக்கு ஒப்புதல் கிடையாது. எல்லாருடைய கணக்கையும் ஒரே பானையில் போட்டுக் கிண்டினால் சராசரி அப்படித்தான் வரும். சிலருக்கு ஒன்றும் ஆகாது, சிலருக்கு நல்லதுகூட நடக்கும், சிலரை அது நசுக்கிவிடும். எத்தனை மணி நேரம் திரை பார்த்தான் என்ற கணக்கு, உங்கள் மகன் இந்த மூன்றில் எந்தக் கூட்டம் என்று சொல்லாது.

எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் நடந்து 2018-இல் வெளியானது. 143 மாணவர்கள். ஒரு பாதிப் பேர் பேஸ்புக், இன்ஸ்டாகிராம், ஸ்னாப்சாட் ஒவ்வொன்றுக்கும் நாளைக்குப் பத்து நிமிடம் மட்டும். மறு பாதிப் பேர் வழக்கம்போல. மூன்று வாரத்தில் குறைத்துக்கொண்டவர்களுக்குத் தனிமை உணர்வும் மனச்சோர்வும் குறைந்தன. இதைத்தான் எல்லாரும் எடுத்துச் சொல்வார்கள். எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு: பதற்றம் இரண்டு கூட்டத்துக்குமே குறைந்தது. ஒன்றையுமே குறைக்காதவர்களுக்கும்! எவ்வளவு நேரம் பார்க்கிறோம் என்று கவனித்துக்கொண்டிருந்ததே அதற்குக் காரணமாக இருக்கலாம் என்றார்கள் ஆய்வாளர்கள். என் அறையிலும் அப்படித்தான் பார்த்திருக்கிறேன். அதனால் வருகிற பிள்ளைகளிடம் நான் போனைக் குறைக்கச் சொல்வதில்லை. ஒரு தாள் கொடுக்கிறேன்.

தாளில் மூன்று பத்தி. எத்தனை மணிக்குப் போனை எடுத்தாய், எடுப்பதற்குச் சற்று முன்னால் உள்ளுக்குள் என்ன இருந்தது, வைத்த பிறகு எப்படி இருந்தது. ராத்திரி 9-லிருந்து தூங்கும்வரை மட்டும் எழுதினால் போதும். உங்கள் மகன் வயதுப் பையன் ஒருவன் கொண்டுவந்த தாளை, ஊரும் பிற அடையாளங்களும் மாற்றிச் சொல்கிறேன். "11.10, கிளாஸ் குரூப்ல ரிசல்ட் எப்போன்னு பேச்சு, வயிறு பிசைஞ்சது. 11.12, ரீல்ஸ், பரவால்ல. 12.25, வச்சுட்டுப் படுத்தேன், நெஞ்சு டமடமன்னு அடிச்சுது. 12.27, இடது கை வலி எதனாலன்னு தேடினேன், ரொம்பப் பயமாயிருச்சு. 12.50, இருபது வயசுல ஹார்ட் அட்டாக் வருமான்னு தேடினேன். 1.15, ரீல்ஸ். 2.40, தெரியல."

அந்தத் தாளில் என்ன இருக்கிறது பாருங்கள். படபடப்பு போனில் இருந்து தொடங்கவில்லை. ரிசல்ட் வர வேண்டிய இரண்டு அரியர் பேப்பரில் இருந்து தொடங்குகிறது. வீட்டில் அதுவரை சொல்லாத அரியர். ரீல்ஸ் அதை மூடி வைக்கிறது. மூடியை எடுத்தவுடன், அதாவது வைத்துவிட்டுப் படுத்தவுடன், உள்ளே இருந்தது கொதித்து வெளியே வருகிறது. அதை நோய் என்று நினைத்துத் தேடுகிறான். தேடுபொறி ஆளைப் பார்க்காது. கேட்ட வார்த்தைக்கு ஏற்ப இருப்பதையெல்லாம் எடுத்துப் போடும். அதில் இருக்கிற பெரிய நோய்தான் பயந்தவன் கண்ணில் முதலில் படும். பயத்தில் நெஞ்சு இன்னும் வேகமாக அடிக்கும். அடித்ததை ஆதாரம் என்று எடுத்துக்கொண்டு அடுத்த தேடல். கடைசியில் 2.40-க்குத் தூக்கம் அல்ல, மயக்கம். மறுநாள் மூளைக்குப் பயத்தை அடக்குகிற சக்தி இன்னும் குறைவு. தூக்கம் குறைந்தால் பதற்றம் கூடும் என்பது இந்தத் துறையில் உறுதியாகத் தெரிந்த விஷயங்களில் ஒன்று.

தூக்கம் என்றவுடன், திரையில் இருந்து வரும் நீல வெளிச்சம் தூக்கத்தைக் கெடுக்கிறதே என்று கேட்பீர்கள். அதை ஊதிப் பெரிதாக்கிவிட்டார்கள் என்பது என் எண்ணம். 2014-இல் வந்த ஒரு ஆய்வில், படுக்கும் முன் நான்கு மணி நேரம் ஒளிரும் திரையில் படித்தவர்களுக்கு, அச்சுப் புத்தகம் படித்தவர்களைவிடத் தூக்கம் வரச் சுமார் பத்து நிமிடம்தான் கூடுதலாக ஆனது. தூக்கத்துக்கு உதவும் மெலடோனின் என்ற ஹார்மோனின் சுரப்பு குறைந்தது உண்மை. ஆனால் உங்கள் மகன் இழப்பது பத்து நிமிடமா? மஞ்சள் கண்ணாடி வாங்கிக் கொடுத்துவிட்டு ரிசல்ட் குரூப்பைத் திறந்தே வைத்திருந்தால் பயன் இல்லை. வெளிச்சத்தைவிட அந்த வெளிச்சத்தில் வருகிற சேதிதான் ஆளை எழுப்பி உட்கார வைக்கிறது.

நம்ம ஊருக்குத் தூங்கா நகரம் என்று பெயர். மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் விடியும் முன்பே பரபரப்பு. டீக்கடைக்காரர், பூ கட்டுகிறவர், லோடு இறக்குகிறவர், நடுராத்திரி இட்லிக்கடை அக்கா என்று ஊரில் ஒரு பகுதி விழித்திருக்க மறு பகுதி தூங்கியது. விழித்தவர்கள் பகலில் தூங்கினார்கள். இப்போது ஒரே வீட்டில் நான்கு பேரும் படுத்தபடியே விழித்திருக்கிறோம், தனித்தனி வெளிச்சத்தில். காலையில் எல்லாருக்கும் வேலை.

சரி, என்ன செய்யலாம்? படுக்கும் நேரத்தோடு சண்டை போடாதீர்கள். எழும் நேரத்தைப் பிடியுங்கள். தூக்கத்தை வரச்சொல்லிக் கட்டளையிட முடியாது, எழுந்திருக்க முடியும். 2.40-க்குத் தூங்கினாலும் 6.30-க்கு எழ வேண்டும், எழுந்ததும் மொட்டை மாடியில் அரை மணி நேரம் வெயில் படட்டும். பகலில் படுக்கக் கூடாது. முதல் நான்கைந்து நாள் சிடுசிடுப்பாகத்தான் இருப்பான். இரண்டு மூன்று வாரத்தில் ராத்திரித் தூக்கம் கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் நகரும்.

ஒரு அலாரம் கடிகாரம் வாங்குங்கள். "அலாரத்துக்குத்தான் போன் பக்கத்துல வச்சிருக்கேன்" என்ற பதிலுக்கு வேறு மருந்து கிடையாது. வாங்கிய அன்றிலிருந்து ராத்திரி 11 மணிக்கு வீட்டில் உள்ள எல்லாப் போனும் ஹாலில் சார்ஜுக்குப் போக வேண்டும். எல்லாப் போனும் என்றால் உங்கள் போனும், ராத்திரி செய்தி விவாதம் பார்க்கும் அவன் அப்பாவின் போனும். மகனுடையது மட்டும் ஹாலில் இருந்தால் அது தண்டனை. நாலும் இருந்தால் வீட்டு வழக்கம். உங்களுக்கு 2 மணிக்குப் பார்க்கத் தோன்றும். அப்போது பழைய முறையில் கதவைத் திறந்தே பாருங்கள்.

படபடப்பு வரும்போது என்ன செய்வது என்பதை அவனிடம் பகலிலேயே பேசி வையுங்கள். ராத்திரியில் சொன்னால் ஏறாது. அந்த மாதிரிப் பயத்தின் உச்சம் பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் வந்துவிட்டுத் தானாக இறங்கும். உயிருக்கு ஆபத்து இல்லை என்று டாக்டர் பார்த்துச் சொன்ன பிறகு, அதோடு மல்லுக்கட்டாமல் எழுந்து உட்கார்ந்து, மூச்சை உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவதை மெதுவாக்கினால் போதும். நாலு எண்ணி இழுத்து, ஆறு எண்ணி விடுவது. முக்கியமான ஒன்று, அந்த நேரத்தில் நோய்க்குறியைத் தேடக் கூடாது. தேட வேண்டும் என்றால் ஒரு காகிதத்தில் கேள்வியை எழுதி வைத்துவிட்டு, காலை பத்து மணிக்குத் தேடலாம் என்று ஒப்பந்தம் போடுங்கள். பத்து மணிக்குப் பெரும்பாலான கேள்விகளுக்கு அவனுக்கே சிரிப்பு வரும்.

ஒரு இடத்தில் மட்டும் நிதானித்துப் பாருங்கள். போனை உங்களிடம் இருந்து மறைக்கிறானா, தெரியாத எண்ணில் இருந்து அழைப்பு வந்தால் முகம் வெளிறுகிறதா, வீட்டில் பணம் குறைகிறதா? அப்படியானால் இது திரைப் பழக்கத்துக்கு அப்பாற்பட்ட விஷயமாக இருக்கலாம். ஆன்லைனில் பணம் கட்டி ஆடும் ஆட்டங்களைத் தமிழ்நாடு கட்டுப்படுத்தியது, 2025-இல் மத்திய அரசும் சட்டம் போட்டுத் தடை செய்தது. ஆனாலும் பழைய கடன் போகாது. கடன் ஆப்காரர்களின் மிரட்டல், வீடியோ காலில் படம் எடுத்துவைத்துக்கொண்டு பணம் பறிப்பது இரண்டும் ஆண் பிள்ளைகளிடம் நிறைய நடக்கிறது. வெட்கத்தில் வெளியே சொல்ல மாட்டார்கள், படபடப்பாக மட்டும் வெளியே வரும். அப்படி இருந்தால் திட்டுவதை ஒத்திப்போட்டுவிட்டு 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழையுங்கள், பணம் கட்டாதீர்கள், ஸ்கிரீன்ஷாட்டுகளை அழிக்காதீர்கள்.

"அடிக்‌ஷன்" என்ற சொல்லை வீட்டில் அவசரப்பட்டுப் பயன்படுத்தாதீர்கள். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில், 2022 முதல் நடப்பில் உள்ள பதினோராம் பதிப்பில், வீடியோ கேம் ஆட்டக் கோளாறு இருக்கிறது. போன் அடிமைத்தனம் என்று தனி நோய் இல்லை. அந்தக் கேம் கோளாறுக்குக்கூட, கட்டுப்பாடு போய், மற்ற எல்லாவற்றையும்விட ஆட்டமே முக்கியமாகி, கெடுதல் வந்தும் விட முடியாமல், பொதுவாகப் பன்னிரண்டு மாதமாவது நீடித்தால்தான் அப்படிச் சொல்வார்கள். பெங்களூரில் உள்ள தேசிய மனநல மருத்துவ நிறுவனமான நிமான்ஸில் இதற்கென்றே 2014-இல் ஒரு தனி கிளினிக் தொடங்கினார்கள்.

நீங்கள் அவ்வளவு தூரம் போகத் தேவையிருக்காது. மூன்று நான்கு வாரத்தில் மாற்றம் தெரியாவிட்டால் பனகல் சாலையில் உள்ள அரசு ராஜாஜி மருத்துவமனையில் மனநல மருத்துவப் பிரிவு இருக்கிறது, காலையில் வெளிநோயாளியாகப் போய்ப் பார்க்கலாம். "அங்கெல்லாம் போனா பேர் கெட்டுரும்" என்று உங்கள் மாமியார் வீட்டில் யாராவது சொல்வார்கள். நிமான்ஸ் 2015-16-இல் நடத்திய தேசிய மனநல ஆய்வில், இந்த மாதிரிப் பொதுவான மனநலக் கோளாறு உள்ளவர்களில் நூற்றுக்கு எண்பது பேருக்கு மேல் சிகிச்சையே பெறாமல் இருந்தார்கள். அந்தப் பேச்சும் அதற்கு ஒரு காரணம். பதற்றத்துக்கு சிபிடி என்கிற பேச்சு சிகிச்சை நன்றாக வேலை செய்கிறது, தேவைப்பட்டால் மருந்தும் உண்டு. நேரில் போகத் தயக்கமாக இருந்தால் அரசின் மனநல உதவி எண்ணான 14416-க்கு எந்த நேரமும் பேசலாம், காசு கிடையாது, தமிழில் பேசுவார்கள். "இருந்து என்ன பிரயோஜனம்" என்பது போல அவன் வாயில் ஒரு சொல் வந்தால், நான்கு வாரமெல்லாம் பார்க்க வேண்டாம். அன்றே.

தாளை அவனிடம் எப்படிக் கொடுப்பது என்று யோசிப்பீர்கள். "டாக்டர் சொன்னார், எழுது" என்றால் கசக்கிப் போட்டுவிடுவான். இரண்டு தாள் எடுங்கள். ஒன்று உங்களுக்கு. "2 மணிக்கு நீ ஆன்லைன்ல இருக்கியான்னு பாக்குறதுக்கு நானும் முழிச்சிருக்கேன்டா, எனக்கும் இது சரியில்ல, சேர்ந்தே எழுதிப் பாப்போமா" என்று கேளுங்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாடு முடிந்தபின் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அவன் தாளில் முதல் வரி என்னவென்று பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள். அதற்கு மேல் என்ன செய்வது என்று அதை வைத்துத்தான் சொல்ல முடியும்.